மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியவர்கள்

டப்ளின், கலிஃபோர்னியா
29 ஏப்ரல் 2025

தம்பி ஷாந்தன்,

என் குரலைக் கேட்டதும் நீர் தொலைபேசியை வைத்துவிடுகிறீர். மூன்று தரம் நடந்துவிட்டது. உம்முடைய அக்காவோடு பத்து நிமிஷமும் கதைக்கிறீர். பக்கத்தில் நான் இருமினால் போதும், "சரி அக்கா, வைக்கிறன்" என்கிறீராம். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கலாம். ஆனால் கிழிக்க முன் எவரும் ஒரு தரம் வாசிப்பார்கள்.

நியூவார்க் விமான நிலையத்தில் இமிக்ரேஷன்காரர் உம்மை மறித்து இன்றைக்கு எழுபத்திரண்டு நாள். ரொறன்ரோவில் அம்மாவின் செத்தவீட்டுக்குப் போய் வந்த மனிதனை, இருபத்தொரு வருஷத்துப் பழைய வழக்கு ஒன்றைக் காட்டிப் பிடித்து வைப்பார்கள் என்று யார் நினைத்தது? உம்மை நியூ ஜெர்சியில் வைத்திருந்தவரை உம்முடைய றெஜினாவும் பிள்ளையும் கிழமைக்கு ஒரு தரம் வந்து பார்த்தார்கள். டெக்சஸுக்கு மாற்றியதும் அதுவும் போய்விட்டது. உமக்கு என்னில் ஏன் கோபம் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இதில் எழுதவில்லை.

பொது அறையில் டிவி இருக்கிறது என்று அக்கா சொன்னார். அப்படியென்றால் வியாழக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ட்ராஃப்ட் பார்த்திருப்பீர். முப்பத்திரண்டு அணிகளும் வரிசையில் நின்று கல்லூரிப் பெடியன்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்கிறதை அக்கா இந்த முறையும் எட்டிப் பார்த்தார். "உதென்ன, பொம்பிளை பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் ஊர் அணி ஜயன்ட்ஸ் மூன்றாவது இடத்தில் எடுத்தவன் நல்ல தெரிவு. ஆனால் முதல் சுற்று முடியப் போகிற நேரத்தில் ஹூஸ்டன் அணியோடு பேரம் பேசி இருபத்தைந்தாவது இடத்தை வாங்கினார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த வருஷத்து இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, அடுத்த வருஷத்து மூன்றாம் சுற்று. தெரிவு செய்கிற முறை மூன்றைக் கொடுத்து, பந்து எறிகிற பெடியன் ஒருவனை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அணி நைனர்ஸ் 2021இல் பட்டது உங்களுக்குப் போதாதா?

உம்முடைய அபிப்பிராயத்தை எழுதும். வேறு ஒன்றும் எழுத விருப்பமில்லாவிட்டால் அதை மட்டும் எழுதும்.

மகாதேவன் அத்தான்


தடுப்பு நிலையம், டெக்சஸ்
14 மே 2025

அத்தான்,

கிழிக்கவில்லை.

இருபத்தைந்தாவது தெரிவை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் யாரோ ஸ்பானிஷ் சேனலுக்கு மாற்றிவிட்டார்கள். அறுபது பேருக்கு இரண்டு டிவி. என் கீழ்க் கட்டிலில் ஹொண்டுராஸ்காரர் ஒருவர் இருக்கிறார், கூரை வேலை செய்தவர். அவருக்கு ஃபுட்பால் என்றால் காலால் அடிக்கிறதுதான். இது என்ன விளையாட்டு, ஆட்டமே இல்லாமல் கோட் போட்ட ஆட்கள் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டார். கடைசியாக வந்த அணி முதலில் தெரிவு செய்யும், தன் முறையை மற்ற அணிக்கு விற்கலாம், அடுத்த வருஷத்து முறையையும் இன்றைக்கே விற்கலாம் என்று சொன்னேன். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாமல் எப்படி விற்கிறது என்று கேட்டார். 

ஜயன்ட்ஸ் செய்தது சரியா பிழையா என்று இப்போது சொல்ல முடியாது. உங்கள் நைனர்ஸின் கதை வேறு. அதை நீங்கள் நான்கு வருஷமாகப் பூசி மெழுகுகிறீர்கள். மூன்று வருஷத்து முதல் சுற்று முறைகளைக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறினார்கள். எடுத்த பெடியன் கல்லூரியில் முழுதாக ஆடினது ஒரு சீசன். அவன் உங்களுக்கு ஆடினது நாலு ஆட்டமோ என்னவோ. பிறகு யாரும் வேண்டாம் என்று விட்ட கடைசிப் பெடியன் வந்து உங்களை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனான். நீங்கள் எப்போதும் சொல்கிறது, ஒரு ட்ரேடை, இப்படிக் கொடுத்து வாங்குகிறதை, அது செய்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் இந்த உலகத்தில் எவனும் பிழையே விடவில்லை. அன்றைக்கே தெரிந்ததுதான். ஒரு சீசன் ஆடின பெடியன் என்பது அன்றைக்கே தெரியும். நின்று நாலு பேரிடம் கேட்க நேரம் இல்லை, அவசரம். அவ்வளவுதான்.

"இண்டைக்குக் கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு போவம்." 2004இல் எனக்கு நீங்கள் சொன்னதும் இதுதான், அத்தான்.

ஷாந்தன்


டப்ளின்
2 ஜூன் 2025

தம்பி ஷாந்தன்,

எழுதமாட்டேன் என்று சொன்ன விஷயத்தை நீர் எழுதிவிட்டீர். ஆகவே நானும் எழுதுகிறேன்.

அந்த ஏப்ரலில் உமக்கு இருபத்தைந்து வயது. கிரீன் கார்ட் வந்து எட்டு மாதம். பார்சிப்பனியில் பெற்றோல் விற்கிற அந்த காஸ் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றீர். முதலாளியின் மச்சான் களவெடுத்த ஃபோன் பெட்டிகளைப் பின் அறையில் அடுக்கி வைத்ததும், வந்த பெட்டிக்கு நீர் கையெழுத்து வைத்ததும், போலீஸ் வந்த நேரம் கவுண்டரில் நீர் மட்டும் நின்றதும் எனக்குத் தெரியும். நீர் கள்ளன் இல்லை என்பதும் தெரியும். அக்கா அழுதார். நான் மில்பிடாஸில் வேலையை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

லோயர் இரண்டு வழி சொன்னார். வழக்காடலாம், தோற்றால் மூன்று வருஷமும் உள்ளே போகலாம். அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கலாம், ஒரு வருஷத் தண்டனை, ஆனால் அதை நிறுத்தி வைப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். நீர் என்னைப் பார்த்தீர். நான் கையெழுத்து வையும் என்றேன். வெள்ளிக்கிழமை நீதிமன்றம் முடிந்தது. அடுத்த நாள் உம்முடைய அபார்ட்மென்டில் இருந்து சோறும் கோழிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டு உம்முடைய சின்ன டிவியில் ட்ராஃப்ட் பார்த்தோம். எனக்கு அது முதல் தரம். ஜயன்ட்ஸ் அன்றைக்கும் ஒரு பெடியனுக்காக அள்ளிக் கொடுத்தார்கள். விசர் ஆட்கள் என்று நான் சொன்னேன். நீர் இல்லை என்றீர். அவனை வைத்து இரண்டு தரம் கிண்ணம் வென்றார்கள். நான் பிழை, நீர் சரி. வென்ற நாளிலிருந்து அதைச் சொல்லிக் காட்டுகிறீர், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு உமக்கு வேலை வந்தது. றெஜினா வந்தார். அனிற்றா பிறந்தாள். கிடங்கு ஒன்றுக்கு மேனேஜர் ஆனீர். இருபத்தொரு வருஷம் நல்லதாக இருந்த ஒன்றை, ஒரு பிப்ரவரியில் வந்த கெடுதலை வைத்துப் பிழை என்று சொல்லலாமா? எத்தனை வருஷம் கழித்து நின்று பார்த்தால் ஒரு முடிவு சரியா பிழையா என்று தெரியும்? எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரிந்தால் எழுதும்.

அத்தான்


டெக்சஸ்
20 ஜூன் 2025

அன்பின் அத்தான்,

போன கடிதத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன். தொலைபேசியை வைத்ததும் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே காலை நாலரைக்கு எழுப்பிச் சாப்பாடு தருகிறார்கள். அதற்குப் பிறகு பகல் மிகவும் நீளம். அந்த நீளத்தில் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி நினைத்தால் மனிதனுக்கு வாய் கெட்டுவிடும்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. றெஜினா நியூவார்க்கில் பிடித்த லோயர் ரோஷினி வீடியோவில் என்னோடு கதைத்தார். இங்கே பிறந்த பிள்ளை. நான் தமிழில் சொல்வதெல்லாம் விளங்குகிறது, பதில் மட்டும் இங்கிலிஷில் வருகிறது. அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். இங்கே டெக்சஸில் வழக்காடிப் பிரயோசனம் இல்லை. ஒரு வருஷம் என்று தீர்ப்பில் இருந்தால், நிறுத்தி வைத்த தண்டனை என்றாலும், இமிக்ரேஷன் சட்டம் அதைப் பெருங்குற்றமாகத்தான் எடுக்குமாம். நீதிபதியின் கையும் கட்டியிருக்கிறதாம். ஆனால் நியூ ஜெர்சியில் அந்தப் பழைய தீர்ப்பையே உடைக்க ஒரு வழி இருக்கிறதாம். அந்த நாளைய லோயர் எனக்குக் கிரீன் கார்ட் விஷயத்தில் பிழையான ஆலோசனை சொல்லியிருந்தால் போதும்.

அந்த மனிதர் செத்து ஆறு வருஷம். கோப்பும் இல்லை. அந்த அறையில் இருந்த மற்ற ஆள் நீங்கள்தான்.

எனக்கு அது நேற்று மாதிரி இருக்கிறது. மொறிஸ்டவுனில், நீதிமன்றத்துக்கு முதல் நாள், அவருடைய கந்தோர் அறையில். நான் உங்களிடம் கேட்டேன்: "அத்தான், என்ர கிரீன் கார்டுக்கு ஏதும் வருமோ எண்டு கேளுங்கோ." நீங்கள் அவரோடு நிறைய நேரம் இங்கிலிஷில் கதைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்டும் வராதாம், பயப்படாதையும்" என்றீர்கள்.

அதை அப்படியே சத்தியக் கடதாசியில் எழுதித் தந்தால் சரி. ரோஷினி உங்களுக்கு ஃபோன் எடுப்பார். ஆகஸ்ட் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

நைனர்ஸின் பதினோராவது தெரிவு நல்ல பெடியன் என்று ஒத்துக்கொள்கிறேன். இந்த வருஷம் உங்கள் அணி நன்றாக வரும். அனிற்றாவுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் உங்களிடம் வந்து ஒரு கிழமை நிற்போம் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஷாந்தன்


டப்ளின்
9 ஜூலை 2025

தம்பி ஷாந்தன்,

கடிதம் கிடைத்தது. ரோஷினி எடுத்தார். கதைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை மாதிரித் தெரிகிறது. பழைய விஷயம், கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு முழங்கால் வருத்தம் குறையவில்லை. இங்கே வெயில் கடுமை. நைனர்ஸ் பயிற்சி முகாம் தொடங்கப் போகிறது. பாதுகாப்பு வரிசையில் பழைய ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள், ட்ராஃப்டில் எடுத்த பெடியன்களை நம்பித்தான் இருக்கிறார்கள். பெடியன்களை நம்பி இருக்கிறது சரியா என்று பத்திரிகைக்காரர் தங்களுக்குள் அடிபடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். பிரஷர் குளிசை ஒழுங்காகத் தருகிறார்களா?

அத்தான்


டெக்சஸ்
23 ஜூலை 2025

அத்தான்,

நீங்கள் அவகாசம் கேட்டீர்கள் என்று ரோஷினி சொன்னார். பிறகு இரண்டு தரம் எடுத்தாராம், நீங்கள் எடுக்கவில்லையாம். என்ன அவகாசம்? அந்த அறையில் நடந்தது ஒரு வரி. அதை எழுத எத்தனை நாள் வேண்டும்?

பொய் சொல்லக் கேட்கவில்லை. நடந்ததைத்தான் கேட்கிறேன். நீதிமன்றம் என்றால் உங்களுக்குப் பயம் என்று அக்கா சொன்னார். உங்களுக்கு சிட்டிசன்ஷிப் இருக்கிறது, உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

ஹொண்டுராஸ்காரரைப் போன செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். விடிய எழும்பிப் பார்த்தேன், கீழே மெத்தை சுருட்டிக் கிடந்தது. அவர் என்னிடம் தன் மகளின் விலாசத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தரவில்லை.

றெஜினா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நர்சிங் ஹோமில் வேலைக்குப் போகிறார். அனிற்றா என்னோடு ஃபோனில் கதைக்கிறதைக் குறைத்துவிட்டாள். கதைக்கத் தொடங்கினால் அழுகிறாள், அழுதால் நேரம் போய்விடுகிறது, அதனால் தாயிடம் கொடுத்துவிடுகிறாள்.

உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஷாந்தன்


டப்ளின்
3 ஆகஸ்ட் 2025

ஷாந்தன்,

இந்தக் கடிதத்தை நான் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அந்த லோயர் "ஒண்டும் வராது" என்று சொல்லவில்லை.

நீர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவர் சொன்னது இது: "இமிக்ரேஷன் என்னுடைய துறை இல்லை, கையெழுத்து வைக்க முன் அந்தத் துறை லோயர் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒரு வருஷம் என்று எழுதுவதும் முந்நூற்று அறுபத்து நாலு நாள் என்று எழுதுவதும் அங்கே வித்தியாசமாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் குறைத்துக் கேட்டுப் பார்க்கிறேன், அரச தரப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் வழக்கை இரண்டு கிழமை தள்ள வேண்டிவரும்."

ஷாந்தன், எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். திங்கட்கிழமை கொம்பனியில் புது சிப் ஒன்றை வாடிக்கையாளருக்குக் காட்ட இருந்தோம். நான்தான் அதற்குப் பொறுப்பு. ஒரு நாள் கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று நினைத்தேன். லோயர்மார் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோருக்கும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். இதையெல்லாம் உம்மிடம் சொன்னால் நீர் பயந்து கையெழுத்து வைக்கமாட்டீர் என்றும் நினைத்தேன். அதனால்தான் "ஒண்டும் வராதாம், பயப்படாதையும்" என்றேன். அவர் சொன்னதாகச் சொன்னேன். சொன்னது நான்.

பிறகு அதை மறந்தும்விட்டேன். அது உண்மை. நியூவார்க்கில் உம்மை மறித்த அன்று, எந்தச் சட்டம் என்று அக்கா கேட்டுச் சொன்னபோதுதான் அந்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை.

ரோஷினியிடம் போன செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் உமக்கு உதவும் என்று நம்பினேன். பிழையை மொழிபெயர்த்தவன் செய்தான், இந்தப் பெடியனுக்கு ஒன்றும் தெரியாது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று நம்பினேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் ஒரு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னது. பிறகு இங்கிலிஷில் சொன்னது, அங்கிள், நீதிமன்றம் பார்ப்பது லோயரின் பிழையை, அவர் சரியான ஆலோசனைதான் சொல்லியிருக்கிறார், சொந்தக்காரர் பிழையாகச் சொன்னதற்கு இதில் இடம் மிகக் குறைவு. அப்படியென்றால் அவர் "ஒண்டும் வராது" என்று சொன்னதாகவே எழுதித் தருகிறேன் என்றேன். நான் உள்ளே போகவும் தயார் என்றேன். இதைக் கேட்ட பிறகு அப்படி ஒரு கடதாசியைத் தன்னால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

பார்த்தீரா? உண்மையை இருபத்தொரு வருஷம் முந்திச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடதாசி கொடுத்து முடியும் வரை சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

உண்மையான கடதாசியைக் கொடுத்துப் பார்ப்பதாக ரோஷினி சொல்கிறார். கையெழுத்து வைத்துவிட்டேன். அக்காவுக்கு நாளைக்குச் சொல்லப் போகிறேன்.

உம்மிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்கவில்லை.

மகாதேவன்


டப்ளின்
30 செப்டம்பர் 2025

தம்பி ஷாந்தன்,

எட்டுக் கிழமையாக உம்மிடமிருந்து ஒன்றும் இல்லை. நியாயம்தான்.

அக்கா பார்சிப்பனியில் றெஜினாவோடு இருக்கிறார். ஆகஸ்டில் போனவர். என்னோடு கதைப்பதில்லை. தன் மருந்தின் பெயர் ஒன்றைக் கேட்டு ஒரு தரம் மெசேஜ் அனுப்பினார், அனுப்பினேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உமக்குத் தெரியுமோ தெரியாது. கொம்பனியில் கேக் வெட்டினார்கள். பகலில் வீட்டில் தனியாக இருக்கிறேன். சோறு வைக்கப் பழகிவிட்டேன். தேங்காய்ப்பால் சொதிதான் திரைந்துபோகிறது.

நேற்று முன்தினம் ஜயன்ட்ஸ் அந்த இருபத்தைந்தாவது பெடியனை முதல் தரமாகத் தொடக்கத்திலிருந்தே ஆட விட்டார்கள். அதுவரை தோற்காத அணியை வென்றார்கள். மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியது விளங்கவில்லை என்று ஏப்ரலில் எழுதினேன். விளங்காததற்கு நான் அபிப்பிராயம் சொல்லியிருக்கக் கூடாது. நீர் பார்த்தீரா? பார்க்க விட்டார்களா?

நீதிமன்றம் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று ரோஷினி சொல்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் எடுத்துக் கேட்கிறேன். கடைசியில், அங்கிள், வந்தால் நானே எடுப்பேன் என்றார்.

ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தான்


டெக்சஸ்
19 அக்டோபர் 2025

அத்தான்,

முடிவு வந்துவிட்டது. இல்லை என்றுதான். ரோஷினி உங்களுக்கும் சொல்லியிருப்பார். லோயர் தன் கடமையைச் செய்திருக்கிறார், அவருடைய பக்கம் பிழை இல்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். உங்கள் கடதாசியை நம்பியிருக்கிறார். ஒவ்வொரு வரியையும் நம்பியிருக்கிறார்.

உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். முதலாவது முழுக்கத் தூஷணம். இரண்டாவதில் உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அந்த இரண்டு கிழமையைப் பொறுத்திருப்பீர்கள் என்று எழுதினேன். அதை அனுப்பாதது நல்லது. மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

இப்போது எழுதுவது இதுதான். அன்றைக்கு லோயர் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உங்களைப் பார்த்து, "இப்ப என்ன செய்ய, அத்தான்?" என்று கேட்டிருப்பேன். நீங்கள் கையெழுத்து வையும் என்றிருப்பீர்கள். வைத்திருப்பேன். எனக்கு அந்த நேரம் சொந்தமாக ஒரு யோசனையும் இருக்கவில்லை. இது மன்னிப்பு இல்லை. இருந்து யோசித்ததில் இப்படித்தான் வருகிறது. இதனால் எனக்கு நிம்மதியும் இல்லை. உங்களை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போய்விட்டது.

அப்பீல் செய்யலாம் என்று ரோஷினி சொன்னார். இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், அதுவரை இங்கேதான் இருக்க வேண்டும், உறுதி ஒன்றும் இல்லை. நான் வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை, திருப்பி அனுப்பச் சம்மதிக்கிற கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் நானே வாசித்தேன். எல்லாம் விளங்கியது.

கொழும்புக்கு அனுப்புவார்கள். எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள். பதினெட்டு வயதில் விட்டு வந்த நாடு. கொழும்பில் நான் மொத்தமாக நின்றதே நாலு நாள். வவுனியாவில் தனபாக்கியம் மாமி இருக்கிறார், முதலில் அங்கே போகச் சொல்லி அக்கா ஒழுங்கு செய்திருக்கிறார். விமான நிலையத்தில் வைத்து விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். சொல்ல என்ன இருக்கிறது? காஸ் ஸ்டேஷனும் கிடங்கும்தான்.

றெஜினாவும் அனிற்றாவும் வரப்போவதில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அனிற்றாவுக்கு அங்கே ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. அவள் இங்கே பள்ளிக்கூடம் முடிக்கட்டும். அதற்குப் பிறகு என்ன என்று நானும் றெஜினாவும் கதைக்கவில்லை. கதைத்தால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

அந்த இருபத்தைந்தாவது பெடியன் ஆடுவதை ஒரு தரம் பார்த்தேன். பயமில்லாமல் ஓடுகிறான். கண்டபடி அடி வாங்குகிறான். சரியான ட்ரேடா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஆட்களை ஏற்ற முன் சொந்தக்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுக்கலாம். றெஜினாவுக்கு லீவு இல்லை. உங்களுக்கு வர முடியுமென்றால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க விடுவார்கள். வந்தால் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது. வாருங்கள்.

ஷாந்தன்


டெக்சஸ்
2 நவம்பர் 2025

தம்பி ஷாந்தன்,

வந்தேன்.

றெஜினா பெட்டியைக் கட்டி விமானத்தில் எனக்கு அனுப்பியிருந்தார். நேற்று அதோடு இங்கே இறங்கி, கார் எடுத்து, இன்று காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தார். ஒன்பதே காலுக்கு என் முறை வந்தது. உம்முடைய பெயரையும் நம்பரையும் கொடுத்தேன். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அவர் இங்கே இல்லை" என்றார்.

"எப்ப கொண்டுபோனீங்கள்?"

"இன்று காலை."

எங்கே என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வேறு முகாமா, விமானமா, அதையாவது சொல்லும் என்றேன். அதுவும் சொல்ல முடியாதாம். மரியாதையான பிள்ளை. கோபப்பட ஒன்றும் இருக்கவில்லை. பெட்டியை வாங்கி அனுப்ப முடியுமா என்றேன். ஆள் இல்லாமல் பெட்டி எடுக்கமாட்டார்களாம். உமக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். அக்காவின் புருஷன் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கார் நிற்கிற இடத்தில் இருந்து ரோஷினிக்கு எடுத்தேன். தேடிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் உம்முடைய பெயரே வரவில்லை என்றார். விமானத்தில் ஏற்றினால் அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார். பிறகு பார்சிப்பனிக்கு எடுத்தேன். மூன்று மாதத்தில் முதல் தரமாக அக்கா என் ஃபோனை எடுத்தார். "கண்டியளோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. 

பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு சேர்ட், இரண்டு ட்ரவுசர், செருப்பு, வாசிக்கிற கண்ணாடி, அனிற்றா ஒட்டி மூடின ஒரு கடித உறை, முப்பது நாளுக்குப் பிரஷர் குளிசை. உடுப்பை அனுப்பலாம். குளிசையைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்ப விடமாட்டார்கள் என்று ரோஷினி சொல்கிறார். வவுனியாவில் வாங்கலாம், பெயரை எழுதுகிறேன்: அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம், காலையில் ஒன்று. மறக்காமல் போடும்.

இந்தக் கடிதத்தைத் தனபாக்கியம் மாமியின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீர் முந்துவீரோ இது முந்துமோ தெரியாது. உம்மைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் சேரவில்லை. சந்திக்கிற அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீர் இருந்திருந்தால் அனேகமாக இன்றைய ஆட்டத்தைப் பற்றித்தான் கதைத்திருப்பேன்.

அந்த ஆட்டம்தான் இப்போது இந்தச் சாப்பாட்டுக் கடையின் டிவியில் போகிறது. நியூ ஜெர்சியில் உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும். இந்தக் கடிதத்தை எழுதத்தான் இங்கே இருக்கிறேன், கோப்பி ஆறிவிட்டது. பக்கத்து மேசையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், நான் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஜயன்ட்ஸ் என்றேன்.

தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

ஓம், தெரியும் என்றேன்.

அத்தான்